முத்துக் கரையில் வாள்: பரதவர் கிறிஸ்தவத்தின் முதல் நூற்றாண்டும் ரோமின் முன்மாதிரியும்

1586ஆம் ஆண்டு தமிழில் ஒரு பெரிய உரைநடை நூல் அச்சேறியது. புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் ‘அடியார் வரலாறு’ என்னும் அந்த நூல் புன்னைக்காயலில் அச்சானது என்பது பொதுவான கருத்து. அதை ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் அழைக்கும் போர்த்துகீசியர், இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கஸ். ரோமப் பேரரசர்கள் காலத்தில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகள் பலரின் கதை அதில் உண்டு. அதைக் கோவில் முற்றத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள், கடலில் முத்தும் சங்கும் குளித்துப் பிழைத்த பரதவர்கள். ஊர் எரிவதையும், பாறைத் தீவில் தண்ணீரின்றி ஒளிந்து கிடப்பதையும் அவர்களில் மூத்த தலைமுறை நேரிலேயே பார்த்திருந்தது. நூலை எழுதியவரும் ஒருமுறை எதிரிகளிடம் கைதியாகிக் கிடந்தவர்தான்.

ரோமின் கதையையும் முத்துக்குளித்துறையின் கதையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது திருச்சபை மரபு. உண்மைத் தெய்வத்தை ஏற்றார்கள், பகைவர்கள் பொறுக்கவில்லை, இரத்தம் சிந்தினார்கள். பக்திக்கு இது போதும், வரலாற்றுக்குப் போதாது. அடித்தவன் எதைக் கண்டு அடித்தான், எதைக் காக்க அடித்தான் என்று கேட்டால் இரண்டு கதைகளும் ஓரிடம் வரை கைகோத்து வந்து, பிறகு வேறு வேறு திசையில் பிரிகின்றன. அந்தப் பிரிவைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரோமில் குற்றம் எது?

ரோமக் கொடுமை என்றதும் நீரோவும் சிங்கமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கி.பி. 64இல் ரோம் நகரம் தீப்பிடித்தபோது பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் நீரோ போட்டது உண்மை. ஆனால் அது ஒரு நகரத்தோடு நின்றது. அதன்பின் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள், பேரரசு முழுவதும் கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்கச் சொல்லும் ஆணை எதுவும் இல்லை. இங்கொரு ஊரில் கலவரம், அங்கொரு மாகாணத்தில் வழக்கு என்றுதான் காரியம் நடந்தது.

அந்த வழக்குகளுக்குள் நம்மைக் கூட்டிச் செல்பவர் இளைய பிளினி. ஏறத்தாழ 112இல் பித்தினியா மாகாணத்தின் ஆளுநராக இருந்த அவர், இவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனுக்கே கடிதம் எழுதிக் கேட்டார். நீ கிறிஸ்தவனா என்று மூன்று முறை கேட்கிறார்; மூன்று முறையும் ஆம் என்பவனுக்கு மரண தண்டனை; ரோமக் குடியுரிமை உள்ளவனைத் தலைநகருக்கு அனுப்பிவிடுகிறார். அவன் எதை நம்புகிறான் என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. ஆளுநர் கேட்டும் மசியாத பிடிவாதமே தண்டிக்கத் தக்கது என்பது அவர் கட்சி. டிராஜனின் பதிலும் நிர்வாகிக்குரிய நிதானத்தோடு வந்தது: தேடிப் போகாதே, மொட்டைக் கடிதத்தை நம்பாதே, குற்றம் நிரூபணமானால் தண்டி, நம் தெய்வங்களை வணங்கிக் காட்டினால் விட்டுவிடு.

பிளினியின் கடிதத்தில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு செய்தி உண்டு. தான் நடவடிக்கை எடுத்த பிறகு வெறிச்சோடிக் கிடந்த கோவில்களுக்கு மறுபடி ஆள் வருகிறது, வாங்க ஆளில்லாமல் கிடந்த பலி இறைச்சி இப்போது விற்கிறது என்று அவர் பெருமைப்படுகிறார். கோவிலை நம்பி ஆடு வளர்ப்பவன், இறைச்சி விற்பவன், சிலை செய்பவன் என ஒரு பொருளாதாரமே அங்கே இருந்தது. அப்போஸ்தலர் பணிகள் 19ஆம் அதிகாரத்தில் எபேசு நகரத்து வெள்ளித் தட்டார்கள் பவுலுக்கு எதிராக ஊரைக் கூட்டியதும் இந்த வயிற்றெரிச்சலால்தான்.

இதற்கெல்லாம் அடியில் இருந்தது அரச விசுவாசம். பேரரசரின் நலனுக்காகத் தூபமிடுவது ரோமில் பக்தி மட்டுமாக இருக்கவில்லை. குடிமகன் என்பதற்கான அடையாளமாகவும் இருந்தது. யூதர்களும் அதைச் செய்ய மறுத்தார்கள், ஆனால் அது அவர்கள் முன்னோர் வழக்கம் என்பதால் ரோம் பொறுத்துக்கொண்டது. கிறிஸ்தவர்களோ தம் முன்னோர் வழக்கத்தையே கைவிட்டவர்கள். தெய்வங்களைக் கோபப்படுத்தினால் பஞ்சமும் கொள்ளைநோயும் வரும் என்று நம்பிய சமூகத்தில், தூபமிட மறுப்பவன் அத்தனை பேர் தலைக்கும் ஆபத்து. 250இல் டெசியஸ் எல்லாக் குடிகளும் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டபோது இந்தத் தர்க்கம் உச்சத்துக்குப் போனது. எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கின்றன. 303இல் டயோக்ளீஷியன் தேவாலயங்களை இடித்து வேத நூல்களை எரிக்கச் சொன்னார். எட்டே ஆண்டில், 311இல், கலேரியஸ் அதைக் கைவிட்டு, உங்கள் கடவுளிடமாவது எங்கள் அரசுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று இறங்கி வந்தார்.

ஆக, ரோம் கேட்ட கேள்வி ஒன்றே: நீ யாருடைய ஆள்? பதினாறாம் நூற்றாண்டில் மன்னார் வளைகுடாவிலும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது.

முத்து யாருக்கு?

இளைய பிளினியின் தாய்மாமன் மூத்த பிளினி. இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் பணத்தை ரோமிடமிருந்து கறந்துவிடுகின்றன, நம் பெண்களின் ஆடம்பரத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது என்று புலம்பியவர் அவர். அந்த ஆடம்பரத்தில் கொற்கை முத்துக்கும் பங்குண்டு. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவரின் பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பு, பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை வைத்து முத்துக் குளிப்பதாகச் சொல்கிறது. முத்து எடுப்பது அரசனின் உரிமை, குளிப்பவன் அரசனின் ஆள் என்ற ஏற்பாடு அவ்வளவு பழையது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும் இதையேதான் பார்த்தார். கிடைத்ததில் பத்தில் ஒன்று அரசனுக்கு. இருபதில் ஒன்று சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுபவருக்கு. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கயிற்றின் வழியே ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, மூச்சு தாங்கும்வரை சிப்பியை அள்ளிக் கூடையில் போட்டு, கயிற்றை அசைத்து மேலே வரும் குளியாளுக்குச் சுறாப் பயம் விளையாட்டில்லை. மந்திரம் ஓதும் அந்தக் கடல்கட்டியை நம்பாமல், சிப்பி விளையும் பாருக்குத் தோணி போகாது. (பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட், அப்போதைய கடல்கட்டியே ஒரு கத்தோலிக்கர் என்றும், அதனால் அவருடைய தொழிலுக்கு ஒரு குறையும் வரவில்லை என்றும் குறிப்பிடுகிறார். ரோமத் திருச்சபைத் தந்தையர் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பார்கள்.) அரசர்களின் பங்கும் பிற்காலத்தில் கல் கணக்கில்தான் பேசப்பட்டது: மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல், பரதவர் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு இத்தனை கல். அத்தனை கற்களுக்கு உரிய குளியாட்கள் எடுப்பது அவரவரைச் சேரும்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கணக்கில் இஸ்லாமிய வணிகர்களின் கை ஓங்கியிருந்தது. காயல் போன்ற துறைகளில் குதிரை வணிகமும் முத்துக் குத்தகையும் அவர்களிடம். 1530களில் பரதவருக்கும் அவர்களுக்கும் மோதல் மூண்டது. தூத்துக்குடியில் ஒரு பரதவரின் காதைக் கடுக்கனோடு அறுத்ததில் தொடங்கிய சண்டை என்று இயேசு சபையினரின் பழைய வரலாறுகள் சொல்கின்றன. கடுக்கன் கதை உண்மையாகவே இருக்கட்டும். பார் யாருக்கு என்ற தகராறு இல்லாவிட்டால் ஒரு காதுக்காகக் கடற்கரை முழுவதும் பற்றி எரிந்திராது.

அப்போது வழி சொன்னவர் ஜோவா த குரூஸ் என்ற குதிரை வணிகர். கோழிக்கோட்டுக்காரர், லிஸ்பன் போய்க் கிறிஸ்தவராகித் திரும்பியவர். போர்த்துகீசியரிடம் போங்கள், ஞானஸ்நானம் பெறுங்கள், அவர்கள் கப்பல் வரும் என்றார். பட்டங்கட்டிகளின் தூது கொச்சிக்குப் போனது. சுமார் 85 பேர் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார்கள். 1537 முடிவதற்குள் கரையோர ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேர் கிறிஸ்தவர் ஆனதாகச் சொல்லப்படுகிறது. 1538இல் வேதாளையில் மார்த்திம் அஃபோன்சோ த சோசாவின் கப்பற்படை, கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் பக்கத்து மரைக்காயர் படையை முறியடித்தது. ஒப்பந்தத்தின் ஒரு பாதியை லிஸ்பன் நிறைவேற்றிவிட்டது. மறு பாதி பரதவர் தலையில் வந்து நின்றது: இனி வரி யாருக்கு?

ரோமக் கிறிஸ்தவர்களின் கதை இந்த இடத்தில்தான் நம் கதையிலிருந்து பிரிகிறது. பித்தினியாவில் பிளினி முன் நின்றவனுக்குப் பின்னால் எந்த அரசனும் இல்லை, படையும் இல்லை. தூத்துக்குடிக் கிறிஸ்தவனுக்குப் பின்னால் பீரங்கி வைத்த கப்பல் நின்றது. அந்தக் கப்பலைப் பார்த்துத்தான் பகைவன் பயந்தான். அந்தக் கப்பல் இல்லாத நாள் பார்த்துத்தான் வந்து அடித்தான்.

1544

இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார் 1542 அக்டோபரில் இக்கரைக்கு வந்தார். அவர் கண்டது, ஞானஸ்நானம் பெற்றும் வேதம் அறியாத மக்களை. ஊர் ஊராக நடந்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மனனம் செய்த செபங்களைச் சொல்லிக் கொடுத்தார். ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை வைத்துச் செபம் நடத்தச் செய்தார். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பது சுவையான சங்கதி. இந்த முத்துத் துறையின் வரியில் ஒரு தொகை போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து 4,000 பணத்தை உபதேசிகளுக்கு விட்டுக் கொடுக்கும்படி சவேரியார் அரசியை வேண்டிப் பெற்றார். வேதம் படிப்பித்த கூலி, குளியாளின் மூச்சிலிருந்து லிஸ்பன் வழியாகச் சுற்றி வந்திருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வீட்டு விக்கிரகங்களை உடைத்ததைச் சவேரியார் மகிழ்ச்சியோடு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ரோமக் கிறிஸ்தவர் தூபமிட மறுத்தார்கள். இங்கே புதுக் கிறிஸ்தவர் பழைய தெய்வத்தை உடைக்கவும் செய்தார்கள். சுற்றியிருந்த சமூகத்துக்கு இது எப்படிப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

1544 கோடையில் வடகர் வந்தார்கள். விஜயநகரத்தின் தெலுங்குப் படையைக் கரையோர மக்கள் அப்படித்தான் அழைத்தார்கள். ராமராயர் தென்கோடிச் சிற்றரசர்களிடம் திறை வாங்கத் தளபதி விட்டலனை அனுப்பியிருந்தார். திருவிதாங்கூர் வரை அந்தப் படையின் இலக்கு. வழியில் இருந்த கிறிஸ்தவ ஊர்கள், நாங்கள் போர்த்துகல் அரசரின் குடிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தன. வேறொரு அரசனுக்கு வரி கட்டுகிறேன் என்று சொல்லும் குடியை எந்தப் பேரரசு விட்டுவைக்கும்? ஊர்களைக் கொள்ளையிட்டார்கள். கன்னியாகுமரிப் பக்கத்துப் பரதவர் கடலுக்குள் இருந்த பாறைகளுக்கு ஓடினார்கள். சோறும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. பலர் அங்கேயே செத்தார்கள். மணப்பாட்டிலிருந்து சவேரியார் 20 தோணிகளில் உணவேற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று தோணியை விடவில்லை. கடைசியில் கால்நடையாகவே போய்ச் சேர்ந்தார். அந்த நாட்களில் தம் துணைப்பணியாளர் மான்சிலாசுக்கு அவர் எழுதிய குறிப்புகளில் இறையியல் அதிகம் இல்லை. தோணி அனுப்பு, தண்ணீர் அனுப்பு, காவல் வை என்ற பதற்றம்தான்.

காக்க வேண்டிய கேப்டன் என்ன செய்துகொண்டிருந்தார்? தூத்துக்குடியில் இருந்த கோஸ்மே த பைவா உள்நாட்டு ஆட்சியாளர்களுக்குக் குதிரை விற்பதில் முனைப்பாக இருந்தார். அவருடைய அத்துமீறல்கள் சவேரியாரைக் கொதிக்க வைத்தன. செப்டம்பரில் வடகர் தூத்துக்குடிக்கே வந்து அவர் கப்பலையும் வீட்டையும் எரித்தபோது, அவரும் தீவுக்கு ஓடினார். அப்போதும் சவேரியார் அவருக்காகத் தோணி அனுப்பச் சொல்லித்தான் எழுதினார்.

அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் நடந்தது இதைவிடக் கொடியது. ரோமின் கதைக்கு இந்த வரலாற்றில் மிக அருகே வருவதும் அதுதான். முத்துக்குளித்துறையில் நடந்ததைக் கேள்விப்பட்ட மன்னார் மக்கள் தங்களுக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். திருவிதாங்கூர்க் கரையில் முக்குவரிடையே இருந்த சவேரியாரால் போக முடியவில்லை. வேறொரு குருவை அனுப்பினார். சில வாரங்களில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் படை வந்து, மன்னாரின் பத்திம் என்ற இடத்தில் 600 முதல் 700 பேரை வெட்டியது. ‘யாழ்ப்பாண வைபவ மாலை’யும் இந்தக் கொலையைப் பேசுகிறது.

சங்கிலி ஏன் இவ்வளவு தூரம் போனான்? அவன் கண்முன்னே ஒரு பாடம் இருந்தது. எதிர்க்கரையில் ஒரு சாதி ஞானஸ்நானம் பெற்றது, அடுத்த ஆண்டே போர்த்துகீசியக் கப்பல் வந்தது, வரி கைமாறியது, பார் கைமாறியது. மன்னார் போனால் தன் சலாப வருமானம் போகும், பிறகு யாழ்ப்பாணமே போகும் என்று அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கணக்கு தப்பவில்லை: 1560இல் போர்த்துகீசியர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள், 1619இல் யாழ்ப்பாணத்தையும் விழுங்கினார்கள். கணக்கு சரி என்பதால் கொலை நியாயமாகிவிடாது. பத்திமில் செத்தவர்களுக்கு எந்தக் கப்பலும் வரவில்லை. பித்தினியாவில் செத்தவர்களைப் போலவே வெறுங்கையோடு செத்தார்கள். பழிவாங்கப் படை அனுப்பச் சவேரியார் எவ்வளவோ முயன்றார். அதற்குள் ஒரு போர்த்துகீசியக் கப்பல் யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி, அதன் சரக்கு சங்கிலியின் கைக்குப் போய்விட்டது. சரக்கை மீட்கும் பேச்சு முக்கியமாயிற்று, படையெடுப்பு கைவிடப்பட்டது.

வேதாளை முதல் ஓரியூர் வரை

1549இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் வேதசாட்சி என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். தூண்டுதல் எது? இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களை வழிமறித்துப் போர்த்துகீசியக் கேப்டன் சுங்கம் வாங்கினான். கோவில் பக்கத்திலிருந்து முறையீடு போய் வடகர் படை வந்தது. சுங்கம் வாங்கிய கேப்டன் தப்பினான். பெண்களையும் பிள்ளைகளையும் தோணியேற்றி அனுப்பிவிட்டுக் கரையிலேயே நின்ற குரு ஈட்டிக்கு இரையானார். அவருடைய தியாகத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்த ஈட்டி வேறொருவனுடைய பேராசைக்காக எறியப்பட்டது. சில ஆண்டுகளில் புன்னைக்காயலும் விழுந்தது. கடலில் மாப்பிள்ளை முஸ்லிம்களின் கப்பல்கள், கரையில் விட்டலனின் படை. அண்டிரிக் அடிகளார் கைதியானது அப்போதுதான்.

உள்நாட்டில் நடந்த கொலைகளின் சாயல் வேறு. 1693 பிப்ரவரியில் ஓரியூரில் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ வெட்டப்பட்டார். மறவர் சீமை இளவரசர் தடியத்தேவர் கிறிஸ்தவராகி, ஒருத்தியைத் தவிர மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சீமையின் அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் எழுதிய முறையீட்டில் இதே கதை ரோமில் நடக்கிறது: கிறிஸ்தவளாகி விலகிப் போன மனைவிக்கு வேதம் சொல்லிக் கொடுத்த ஆசிரியரைக் கணவன் காட்டிக் கொடுக்க, ஆசிரியருக்கு மரண தண்டனை. முத்தும் இல்லை, கப்பலும் இல்லை. குடும்பமும் மானமும்தான் இரண்டு இடத்திலும் பிரச்சினை. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்ட திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் தேவசகாயம் பிள்ளையையும் இந்த வரிசையில் வைக்கலாம். அரசன் சோறு தின்றவன் அரசனின் வழக்கத்தை விட்டால் அது துரோகமாகவே பார்க்கப்பட்டது.

கிறிஸ்தவர் கையில் கிறிஸ்தவர்

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். இப்போது அடிப்பவனும் கிறிஸ்தவன். கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். தேவாலயங்கள் டச்சுக் கம்பெனியின் கைக்குப் போயின. சீர்திருத்தச் சபையின் போதகர் பிலிப்பஸ் பால்டேயஸ் வந்து பரதவரைத் தம் சபைக்கு இழுக்கப் பார்த்தார். அவர்கள் அசையவில்லை, பட்டணத்துக்கு வெளியே இருந்த குருக்களிடம் போய்த் திருப்பலி கண்டு வந்தார்கள். இலங்கையில் இன்னும் கடுமை. 1687இல் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் தோணியேறி யாழ்ப்பாணம் போன கோவாக் குரு ஜோசப் வாஸ், டச்சுக்காரருக்கு ஒளிந்து ஊழியம் செய்ய வேண்டியிருந்தது. அவருக்குக் கடைசியில் அடைக்கலம் தந்தது கண்டியின் பௌத்த அரசு.

மதம்தான் காரணம் என்றால் டச்சுக் காலம் புரியவே புரியாது. கத்தோலிக்கக் குரு என்றால் கம்பெனியின் கண்ணுக்குப் போர்த்துகீசிய ஒற்றன். பரதவன் குருவின் சொல் கேட்டால் அவன் விசுவாசம் இன்னும் கோவாவோடுதான் என்பது அதன் பயம். பிளினியின் பயமும் சங்கிலியின் பயமும் இந்த ரகம்தான்.

ஆனாலும் தூத்துக்குடியில் டச்சுக்காரரின் கை முழுதாக ஓங்கவில்லை. பாரில் சிப்பி விளைந்த ஆண்டில் குளியாள் வேண்டும். குளியாளைத் திரட்டப் பட்டங்கட்டி வேண்டும். பட்டங்கட்டிகளுக்கு மேலே சாதித் தலைவர். மக்களுக்குச் சினமூட்டினால் அவர்கள் தோணியோடு நாயக்கர் சீமைக்கோ சேதுபதி சீமைக்கோ நகர்ந்துவிடுவார்கள், சலாபம் படுத்துவிடும். போதகர்கள் கண்டிப்பு வேண்டும் என்றார்கள். வணிக அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கத்தோலிக்கரான சாதித் தலைவரையே தங்கள் ஆளாக அங்கீகரித்து, அவர் வழியாகவே சங்கும் முத்தும் துணியும் திரட்டினார்கள். பட்டணத்துக்கு வெளியே பூசை நடப்பது கம்பெனிக்குத் தெரியும். குளியாட்கள் பாருக்கு வந்து சேர்ந்தவரை அதற்கு அது போதுமாயிருந்தது.